கூட்டத்தில் வந்தவர்களுக்குச் சம்பளம் உண்டா?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பழைய எண்ணுக்கு மூன்று முறை அனுப்பிப் பார்த்தேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டீர்கள் என்று, போன ஞாயிறு இங்கே சிங்கப்பூர் தேக்காவில் பார்த்த உங்கள் அறை நண்பர் சொன்னார். புது எண் அவரிடமும் இல்லை. இந்தப் பக்கத்தை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். லாரியில் வேலைக்குப் போகும்போது படித்து, எங்கெங்கே ஒற்று விட்டுப்போயிற்று என்று எனக்குச் செய்தி அனுப்பியவர் ஆயிற்றே! அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். இதில் என் பங்கு பெருமைப்படும்படி இல்லை, இருந்தாலும் பரவாயில்லை.

எங்கள் புளோக் கீழ் அறையில், 1982இல் வந்த 'காந்தி' ஆங்கிலப் படத்தைப் போட்ட அன்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். படம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சுட்டுவிட்டார்கள், சவ ஊர்வலம் போகிறது, திரை கொள்ளாத ஜனம். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து உங்கள் குரல்: "அக்கா, கூட்டத்துல வந்தவங்களுக்குச் சம்பளம் உண்டா?"

அறையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். போதாததற்கு, "படத்தைப் பாருங்க தம்பி" என்று வேறு சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பையன்களை அடக்குகிற குரல் எனக்கு எப்படித்தான் வருகிறதோ. இடைவேளையில் டீ ஊற்றும்போது நீங்களே விளக்கம் சொன்னீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் கட்சிக் கூட்டத்துக்கு வேனில் ஆள் ஏற்றிப் போவார்கள், ஆளுக்கு இருநூறு ரூபாயும் பொட்டலமும் உண்டு, அதனால்தான் கேட்டேன் என்று. அப்போதும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று அந்த அறையில் நாங்கள் எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். படத்தில் யார் இல்லை என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் மாடி மாமாவைத் தெரியுமல்லவா, அவருடைய அப்பா இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். "நேதாஜி எங்கே?" என்று அவர் மூன்று தடவை கேட்டார். 1943 ஜூலை 4ஆம் தேதி இந்த ஊர் கேத்தே சினிமாக் கட்டடத்தில்தான் போஸ் இந்திய விடுதலை இயக்கத்தின் பொறுப்பை ஏற்றார். "சினிமாக் கொட்டகையில் பொறுப்பேற்ற மனுஷனுக்குச் சினிமாவில் இடமில்லையா?" என்று மாமா சத்தம் போட்டபோது எனக்கே கைதட்டத் தோன்றியது. படையின் ஒரு பிரிவுக்கு போஸ் காந்தி பெயரைத்தான் வைத்தார் என்பதையும் அவரே சொன்னார். கோபம் ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல இந்த ஊர்ப் பெரியவர்களால் முடிகிறது.

தமிழாசிரியர் ஐயாவுக்கு வேறு கணக்கு. படம் 191 நிமிஷம். அதில் அம்பேத்கருக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குக் காந்தி லண்டன் போவதைக் காட்டுகிறார்கள். அதே மாநாட்டில் அவரோடு நேருக்கு நேர் மோதிய அம்பேத்கர் இல்லை. அடுத்த ஆண்டு, தலித்துகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி கூடாது என்று காந்தி இருந்த உண்ணாவிரதமும், அதன் முடிவில் இருவருக்கும் வந்த பூனா ஒப்பந்தமும் இல்லை. ஐயா பெரியார் வழி வந்தவர், அவர் அப்படித்தான் சொல்வார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். எந்த வழி வந்தவர் சொன்னால் என்ன, அது நியாயமான குறைதான். படத்தின் ஆகப் பெரிய ஓட்டை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் மட்டும் என்ன, சும்மாவா இருந்தேன்? தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வரும்போதெல்லாம் தில்லையாடி வள்ளியம்மையைத் தேடிக்கொண்டிருந்தேன். சிறைக்குப் போய், நோயோடு திரும்பி, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த 16 வயதுப் பெண். அங்கே காந்தியோடு நடந்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். திரையில் அவர்கள் வெறும் தலைகளாக வந்து போனார்கள்.

ஜூனியர் காலேஜ் பெண்ணோ முதல் காட்சி முடிவதற்குள் போனில் தேடிவிட்டாள். வெள்ளைக்காரருக்குக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்களா என்பது அவள் சந்தேகம். காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லியின் பிறந்த பெயர் கிருஷ்ணா பான்ஜி, அப்பா வழி குஜராத் என்று தெரிந்ததும் சமாதானமாகிவிட்டாள். "ஆனாலும் சாயம் பூசியிருக்கிறார்கள்" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். அதுவும் உண்மைதான்.

அம்மா கதை தனி. 1983 வாக்கில் இதே படத்தைத் தியேட்டரில் பார்த்து அழுதவர். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, 1948 மார்ச்சில் காந்தியின் அஸ்தியில் ஒரு பங்கு சிங்கப்பூருக்கு வந்தபோது அரைநாள் லீவு போட்டுக் கடற்கரைக்குப் போனவராம். காந்தி தன் வாழ்நாளில் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. சாம்பல்தான் வந்தது. இங்கே கடலில் கரைத்தார்கள். 2018இல் கிளிஃபர்ட் பியரில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்படிப்பட்ட குடும்பத்தில் வளர்ந்தவர் இந்தத் தடவை கண் கலங்கவே இல்லை. பாதிப் படத்தில் தூங்கிவிட்டார். எழுந்ததும் கஸ்தூர்பா காட்சியைப் பற்றி உங்களிடம்தானே சொன்னார், "அந்த அம்மா கக்கூஸ் கழுவமாட்டேன்னு சொன்னதுக்குக் கையைப் பிடிச்சு வெளிய தள்ளினாரே, அப்பவே எனக்கு மனசு விட்டுப்போச்சு" என்று. நாற்பது வருஷம் முன்னால் அந்தக் காட்சி அவர் கண்ணில் படவே இல்லையாம். என் அப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான் அம்மாவுக்குச் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். வசனம் முழுக்க ஆங்கிலம். முக்கியமான இடங்களை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், பல இடங்களில் விட்டுவிட்டேன். எங்களுக்கெல்லாம் காது வேலை செய்தது. உங்களுக்குக் கண்.

தாராசனா உப்புக் கிடங்குக் காட்சி நினைவிருக்கிறதா? 1930 மே 21. காந்தியை அதற்கு முன்பே பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். தொண்டர்கள் வரிசை வரிசையாகப் போகிறார்கள், லத்தி அடி விழுகிறது, சரிகிறார்கள், அடுத்த வரிசை வருகிறது. வெப் மில்லர் என்ற அமெரிக்க நிருபர் நேரில் பார்த்து உலகத்துக்கு எழுதியது அது. அடியைத் தடுக்க ஒருவரும் கையைத் தூக்கவில்லை என்று எழுதினார். ஆஸ்பத்திரிக்குப் போய் எண்ணி, காயம்பட்டவர்கள் 320, செத்தவர்கள் இரண்டு பேர் என்று கணக்குக் கொடுத்தார். அந்தக் காட்சியின்போது மாமாகூட வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் ஐயா மெதுவாக, "திருப்பி அடித்திருக்கலாம்" என்றார். மாமா, "அதைத்தானே எங்கப்பா சொன்னார்" என்றார். விவாதம் தொடங்கப் போகிறது என்று நான் நாற்காலியை நகர்த்தினேன்.

அப்போது நீங்கள், யாரையும் பார்க்காமல், "ரெண்டாவது வரிசைக்காரன்தான் பாவம்" என்றீர்கள். "முத வரிசைக்காரனுக்கு அடி எப்படி விழும்னு தெரியாது. ரெண்டாவது ஆளு அதைப் பாத்துட்டுப் போகணும்ல."

அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. சாரக்கட்டில் ஏறுகிற வேலை செய்கிறவர் சொன்னதாலோ என்னவோ, எனக்கு அது மண்டைக்குள் தங்கிவிட்டது. அடுத்த பேச்சு உப்பைப் பற்றி வந்தது. கடற்கரையில் காந்தி உப்பை அள்ளுகிறாரே, அப்படியே எடுத்தால் அது சேறும் உப்புமாகத்தான் இருக்கும், காய்ச்சித்தான் எடுக்கணும் என்றீர்கள். வேதாரண்யத்துக்காரரிடம் உப்புக் கதை பேசினால் வேறென்ன நடக்கும்! உப்பளத்தில் பாத்தி கட்டுவது, தண்ணீர் பாய்ச்சுவது, வாருவது, மழை வந்தால் எல்லாம் கரைந்துபோவது என்று அப்புறம் பத்து நிமிஷம் நீங்கள்தான் பேசினீர்கள். படத்தில் ஒரு வார்த்தையும் இல்லாத உங்கள் ஊர்ச் சத்தியாகிரகத்தையும் சொன்னீர்கள். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு பேரோடு கிளம்பியது, நாமக்கல் கவிஞரின் பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தது, சோறு போடுகிறவர்களைச் சிறையில் தள்ளுவேன் என்று கலெக்டர் தார்ன் மிரட்டியதும், ஜனங்கள் பொட்டலம் கட்டி வழிமரங்களில் தொங்கவிட்டது.

நாங்கள் யார் யார் விட்டுப்போனார்கள் என்று பட்டியல் போட்டபோது, வேதாரண்யமும் விட்டுப்போயிற்று என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மரத்தில் தொங்கிய பொட்டலத்தை யார் வீட்டில் கட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். முடிதிருத்துகிற வைரப்பன் கதையையும் அப்போதுதான் கேட்டேன். பாதிச் சவரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதற்காக ஜெயிலுக்குப் போன மனுஷன். நான் பள்ளியில் படித்த எந்தப் புத்தகத்திலும் அவர் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில். விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்தேன்.

அந்த ஊர்வலத்தை 1981 ஜனவரி 31 அன்று டெல்லியில் எடுத்தார்கள். நிஜமான இறுதி ஊர்வலம் நடந்து சரியாக 33 ஆண்டுகள் ஆன அதே தேதி. டைரக்டர் ரிச்சர்ட் அட்டன்பரோ வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நாள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள், துண்டறிக்கை விநியோகித்தார்கள். 3 லட்சத்துக்கு மேல் ஜனம் சேர்ந்தது. சினிமாவில் இதற்கு முன்னும் பின்னும் இப்படி ஒரு கூட்டம் கிடையாது, கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. 11 கேமராக் குழுக்கள், 20,000 அடி ஃபிலிம். ஓட்டிப் பார்த்தால் முழுப் படத்தையும்விட நீளம். கடைசியில் படத்தில் வைத்தது இரண்டு நிமிஷத்துச் சொச்சம்.

சம்பளம் உண்டா? உண்டு தம்பி. 94,000 பேருக்கு மேல் ஒப்பந்தம் போட்டுக் கூலி கொடுத்திருக்கிறார்கள், ஆளுக்கு அரைப் பவுண்டுகூட இல்லை. மற்ற இரண்டு லட்சம் பேர் காசு வாங்காமல், தாமாக வந்தவர்கள்.

ஆக, உங்கள் கேள்வியில் சிரிக்க எதுவுமே இல்லை. மூன்றில் ஒருவர் கூலிக்கு வந்தவர். அவர் யார், சும்மா வந்தவர் யார் என்று திரையில் பார்த்துச் சொல்ல முடியாது. நான் அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கூரையிலும் மரத்திலும் ஏறி நிற்பவர்களைப் பார்த்தேன். காந்திக்காக வந்தார்களா, கேமராவுக்காக வந்தார்களா, பக்கத்து வீட்டுக்காரன் போகிறான் என்று வந்தார்களா, தெரியவில்லை. கூலி வாங்கிய ஒருவரின் முகத்தில் கண்ணீர் இருந்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? உங்களிடம் கேட்டால் ஏதாவது சொல்வீர்கள் என்று தோன்றியது.

தேடும்போது இன்னொன்றும் கிடைத்தது. இந்த ஆங்கிலப் படத்துக்கு 42 ஆண்டுகள் முன்பே, 1940இல், ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் வெளியிட்டார். கோட்டையூர்க்காரர். நாடு நாடாக அலைந்து, காந்தியை யார் யார் படமெடுத்து வைத்திருந்தார்களோ அவர்களிடமெல்லாம் கேட்டு, ஏறத்தாழ 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். அதில் வருகிற கூட்டத்தில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, ஏனென்றால் அது நடிப்பு இல்லை. அட்டன்பரோ படத்துக்கு எட்டு ஆஸ்கார் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். செட்டியார் பெயர் ஐம்பத்து நான்கு வயதில்தான் தெரிகிறது. அதைப் பற்றி நான் வெட்கப்பட்டுக்கொள்கிறேன், உங்களைத் தொந்தரவு செய்யவில்லை.

அன்று சிரித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஐயாவும் மாமாவும் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, அந்தத் தம்பியை அடுத்த படத்துக்கும் கூப்பிடு என்றார்கள். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். மாமா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, பெர்மிட் திரும்பக் கிடைக்காதா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்.

இதைப் படித்தால் புது எண்ணை அனுப்புங்கள். உங்கள் குடையும் என் வீட்டில்தான் இருக்கிறது, நீலக்கலர். அப்புறம், அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். வைரப்பன் கத்தியைக் கீழே வைத்த பிறகு, அந்தப் போலீஸ்காரர் மீதிப் பாதியை எங்கே போய்ச் சிரைத்துக்கொண்டார்? உங்கள் ஊரில் யாருக்காவது தெரியுமா?

அன்புடன்,
அக்கா