செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் பெரியவர்கள், தாய்மார்கள், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

வாய்க்கால் தூர்வாரல், தெருவிளக்கு மனு, பொங்கல் விளையாட்டுப் போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வெளிநாட்டு வேலை பற்றி விசாரித்துச் சொல்லும் நம் ஞாயிற்றுக்கிழமைப் பணியைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும்.

டிப்ளமோ, பி.இ. முடித்த நம் பிள்ளைகள் கங்கைகொண்டான் சிப்காட் வரை ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் செல்போனில் வேலை தேடுகிறார்கள். "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, அனுபவம் தேவையில்லை, டிக்கெட் இலவசம்" என்று டெலிகிராமில் வருகிறது. நம்பிப் போனால் பாங்காக்கில் வண்டி காத்திருக்கும். அது போய் நிற்பது எல்லை ஊரான மே சாட்டில். மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவாடி. அங்கே பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு, காதல் பேசியும் கிரிப்டோ என்னும் இணைய நாணய ஆசை காட்டியும் ஊர் உலகத்தை ஏமாற்றச் சொல்வார்கள். மறுத்தால் அடி. விடுவிக்க வீட்டாரிடம் லட்சக்கணக்கில் கேட்பார்கள். கம்போடியா, லாவோஸிலும் இதே கொடுமை உண்டு. வெளியுறவு அமைச்சகம் 2022-லேயே எச்சரித்தது. அப்படியும் 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டுவர வேண்டியிருந்தது.

விளம்பரத்தோடு வருகிறவர்களிடம் முதலில் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்கிறோம். அதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவில்லாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கவே கூடாது. பதிவுள்ளவரும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். அப்புறம் விசா. "முதலில் டூரிஸ்டாகப் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரே சொன்னாலும், பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். ஏமாந்து திரும்பிய பிள்ளையைப் பார்த்து "படிச்சவனுக்குப் புத்தி எங்க போச்சு?" என்று கேட்காதீர்கள். வீட்டார் வெட்கப்பட்டு வாய் மூடுவதால்தான் அதே புரோக்கர் துணிந்து அடுத்த தெருவுக்குப் போகிறார். "அவனே சம்மதிச்சுத்தானே போனான்" என்ற பேச்சும் எடுபடாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ம் பிரிவின்படி, ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது. தயங்காமல் புகார் கொடுங்கள், சங்கம் கூட வரும்.

வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக வெளியுறவு அமைச்சகத்தின் உதவி எண் 1800 11 3090, ஆன்லைனில் பணம் போனால் 1930. இரண்டையும் ரேஷன் கடைச் சுவரில் எழுதிவைக்க அனுமதி கேட்டிருக்கிறோம்.

வரும் ஆண்டில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மே மாதமே ஒரு கூட்டம் நடத்தச் செயற்குழு முடிவு செய்துள்ளது. அதற்கான தொகையை ஒதுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.