அப்பாவுக்கு, டோக்கியோவின் பணக்காரத் தெருக்களிலிருந்து

கவாசாகி,
30 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். அங்கே அம்மா, அப்பத்தா, தம்பி எல்லோருடைய நலத்தையும் எழுதுங்கள். தம்பிக்குக் கட்டப்போகும் வீட்டின் பிளான் கிடைத்தது. அதைப் பற்றிப் போனில் அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்தின் வண்டி தினமும் காலையில் டெனென்சோஃபுவுக்குப் போகிறது. நான் தங்கியிருக்கும் கவாசாகி தாமா ஆற்றுக்கு இக்கரை. ஆற்றைத் தாண்டினால் டோக்கியோ; அக்கரை மேட்டில் இருக்கிறது இந்தப் பகுதி. ஜப்பானில் பணக்காரர்கள் குடியிருக்கும் இடம் எது என்று கேட்டால் பலர் வாயில் முதலில் வருவது இந்தப் பெயர்தான். அங்குள்ள முதியவர்களை வீட்டிலிருந்து அழைத்து வருவதும் மாலையில் கொண்டுபோய் விடுவதும் என் வேலையில் ஒரு பகுதி. ஆகவே அந்தத் தெருக்கள் எனக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் ஒருமுறையாவது இந்த ஊரைப் பார்க்க வேண்டும் அப்பா. ரயில் நிலையத்தின் மேற்கே, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி தெருக்கள் விரிகின்றன. அவற்றை வளைந்த தெருக்கள் குறுக்கே வெட்டுகின்றன. இப்போது கிங்கோ மரங்கள் முழுக்க மஞ்சளாக நிற்கின்றன. அந்தப் பக்கம் ஒரு கடையைக்கூடப் பார்ப்பது அரிது. இதெல்லாம் தானாக அமைந்ததல்ல. ஷிபுசாவா எயிச்சி என்ற தொழிலதிபர், எழுபது வயதைக் கடந்த பிறகு, 1918இல் இதற்காகவே ஒரு கம்பெனி தொடங்கச் செய்தார். 2024இல் வெளிவந்த பத்தாயிரம் யென் நோட்டில் இருப்பது அவர் முகம்தான். அவருடைய மகன் ஹிதேயோ வெளிநாடுகளுக்குப் போய் ஊர்களைப் பார்த்துவந்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குடியிருப்பின் தெருக்கள் அவருக்குப் பிடித்துப்போயின. 1923இல் இங்கே மனைகள் விற்பனைக்கு வந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி பெரிய நிலநடுக்கம். டோக்கியோவின் நடுப்பகுதி எரிந்தது. அதன்பின் வசதியுள்ளவர்கள் நெரிசலை விட்டு இந்த மேட்டை நோக்கி வந்தார்கள்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது வீடுகளைப் பற்றி. பணம் இருக்கிறது என்று காட்டும் உயரமான காம்பவுண்டுச் சுவர்கள் இங்கே குறைவு. கீழே கல் கட்டுமானம், அதற்கு மேல் வெட்டிச் சீராக்கிய செடிவேலி. தெருவிலிருந்து இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும். உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. மனையை 165 சதுர மீட்டருக்குக் கீழே, நம் கணக்கில் ஏறக்குறைய நான்கு சென்ட்டுக்குக் கீழே, துண்டாக்க முடியாது. குடியிருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக் காத்துவந்த கட்டுப்பாடு பிறகு நகராட்சித் திட்டமாகவும் ஆகியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் வெயிலையும் காற்றையும் தன் சுவரால் மறைக்கக் கூடாது என்று ஒரு ஊரே ஒத்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தன் மனையில் கடைசி அடி வரை கட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நாம் பழகிவிட்டோம்.

ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்களை நினைத்தால் வருத்தம். நாங்கள் அழைத்துவரும் ஒரு பாட்டிக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் எங்கோ அடுக்குமாடிக் குடியிருப்பில். இங்கே சொத்து பிள்ளைகளுக்கு வரும்போது வரி கட்ட வேண்டும். சொத்து பெரிதானால் அது 55 சதவீதம் வரை ஏறுகிறது, அதையும் பத்து மாதத்துக்குள் கட்டியாக வேண்டும். மனை விலை அதிகமுள்ள ஊரில் அவ்வளவு பணம் எல்லோரிடமும் இருக்குமா? அதனால் பெரியவர் கண் மூடியதும் பல வீடுகள் கைமாறுகின்றன. பூட்டிக்கிடக்கும் வீடுகளையும் பார்க்கிறேன். தோட்டம் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் பாட்டியை வண்டியில் ஏற்றுவதுதான் என் நாளில் மிகக் கடினமான வேலை. மேட்டு நிலம் என்பதால் தெருவிலிருந்து வாசலுக்குக் கல்படிகள். முப்பது வயதில் அழகாகத் தெரிந்த படிகள் தொண்ணூறில் அவரை வீட்டுக்குள் அடைத்துவிட்டன. நானும் இன்னொருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்குகிறோம். ஒவ்வொரு படிக்கும் அவர் நன்றி சொல்கிறார். அப்போதெல்லாம் எனக்கு அப்பத்தாவின் முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது.

நீங்கள் எத்தனையோ பேருக்கு வீடு கட்டிக்கொடுத்த கொத்தனார். உங்களுக்கு நான் வேலை சொல்வதாக நினைக்க வேண்டாம். பிளானில் பேஸ்மட்டம் நான்கடி உயரம், வாசலில் ஆறு படி, சாய்தளம் இல்லை. மழைத்தண்ணீருக்காக உயர்த்துகிறீர்கள் என்று தெரியும். ஆனால் பக்கவாட்டில் கைப்பிடியோடு ஒரு சாய்தளம் போட்டுவிடுங்கள். நான்கடி ஏற நீளமான இடம் வேண்டும். அதற்காக ஒரு அறை சின்னதானாலும் பரவாயில்லை. கீழேயே ஒரு படுக்கையறையும் கழிவறையும் இருக்கட்டும். தெருவோரம் முன்னால் இடம் விட்டுக் கட்டினால் வேப்பமரத்தை வெட்ட வேண்டியிராது. காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவு போதும். அதில் மிச்சமாகும் செங்கல் பணத்தைச் சாய்தளத்துக்குப் போடுங்கள். தம்பி ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் பேசுகிறேன்.

சென்டரிங் வேலைக்கான பணத்தை ஜனவரியில் அனுப்புகிறேன். மாற்றிய பிளானைப் படமெடுத்து அனுப்புங்கள். மரம் எந்த இடத்தில் வருகிறது என்று அதில் குறித்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்