டயட் சார்ட் யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நலவாழ்வு இணைப்பில் வந்த சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு அட்டவணையைப் பார்த்தேன். தகவலில் பெரிய பிழை இல்லை. ஆனால் அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளும் வாசகர்கள் நிறைய பேர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நோயாளி கையில் கொடுக்கும் எந்தத் தாளையும் டயட்டீஷியன் முதலில் எடை போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு அமைப்பு இதற்காக 2013இல் 'பெமாட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. அச்சிட்ட தாளுக்கு 24 கேள்விகள். படித்தால் புரிகிறதா என்று 17, படித்ததைச் செய்ய முடிகிறதா என்று 7. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண்.

நம் ஊர் டயட் சார்ட்டுகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். 'உப்பைக் குறைக்கவும்' என்று போட்டிருக்கும். எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், பொரியலோடு ஊறுகாய், அப்பளம், கருவாடும் அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடக்கம் என்று யாராவது எழுத வேண்டாமா? எழுதாவிட்டால், குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாயைக் கூடுதலாகத் தொட்டுக்கொள்வார்கள்.

சரி, புரிகிறது, செய்யவும் முடிகிறது. சொன்னது சரியா? அதைப் பெமாட் பார்க்காது, டயட்டீஷியன்களான நாங்கள்தான் பார்க்க வேண்டும். யார் எழுதியது, எந்த வருஷம், யார் காசில் அச்சடித்தது? (மூலையில் சத்துமாவு டப்பா படம் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.) அப்புறம், யாருக்காக எழுதியது? ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு 'லோ சோடியம் உப்பு' சொல்லும் தாளையே சிறுநீரக நோயாளிக்கும் கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

இத்தனையும் தேறிய தாளை வீட்டில் சமைப்பவரிடம் கொடுத்து, "நாளைக்கு மதியம் எவ்வளவு சோறு வைப்பீங்க?" என்று கேட்டுப் பார்ப்பேன். தாளில் இருந்த 'ஒரு கப்'புக்கு ஓர் அம்மா கையால் காட்டிய அளவு அரை லிட்டர் செம்புக்குக் குறையாது!

உங்கள் அட்டவணைகளின் கீழே எழுதியவரின் தகுதி, எழுதிய தேதி, யார் பின்பற்றக் கூடாது, ஒரு கப் என்றால் எத்தனை மில்லி ஆகியவற்றையும் போடுங்கள். இடம் போதாவிட்டால் மேலே இருக்கும் காய்கறிக் கூடைப் படத்தைச் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு டயட்டீஷியன்,
திருச்சி.