பைபிளின் சங்கீதம் 13 வாசித்துக் காட்டிய அக்காவுக்கு நன்றி

ஐசியூ வாசலில் காத்திருந்தவர்களிடம் “ஸ்தோத்திரம் சொல்லுங்க, சரியாகிடும்” என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர். நீங்கள் அப்படிச் செய்யவில்லை அக்கா. யாரும் கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து பைபிளின் ஜெபப் பாடல்களில் ஒன்றான சங்கீதம் 13-ஐ மெதுவாக வாசித்தீர்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் “எதுவரைக்கும்?” என்று நாலு தடவை கேள்வி; அடுத்த இரண்டில் விண்ணப்பம்; ஐந்தாவதில்தான் நம்பிக்கை, ஆறாவதில் பாட்டு. முதல் நாலைத் தாண்டிக் குதித்தால் துதி உதட்டோடு நின்றுவிடும் என்றீர்கள். சிட்சை, அதாவது கடவுள் நம்மைத் திருத்துவது, தற்காலத்தில் துக்கமாகத்தான் தெரியும் என்று பைபிளின் எபிரெயர் 12:11 ஒத்துக்கொள்வதையும் காட்டினீர்கள். அதைவிடப் பெரிய உதவி, நோயைத் தண்டனை என்று தீர்ப்புச் சொல்லாதது. பைபிளில், நோயில் தவித்த யோபுவிடம் ‘நீ செய்த பாவம்தான் காரணம்’ என்ற அவருடைய நண்பர்கள் சறுக்கியது அங்கேதானே! பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். இந்தப் பதிவு கண்ணில் பட்டால், மிக்க நன்றி அக்கா.