பழத்துக்குத் தோலும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

எண்ணெய் வண்ணத்தில் வரைந்த பழ ஓவியங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரை வந்ததைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் படிக்கப் படிக்க, "புகைப்படம் போலவே இருக்கிறது" என்பதையே பாராட்டாகத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது உறுத்தியது. நிறத்தைப் பற்றி நிறைய இருந்தது, பழத்தின் தோலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கருந்திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் இருக்குமே, அதை ஊதா வண்ணத்தோடு குழைத்துப் பூசினால் வராது. அடியில் ஒளி ஊடுருவும்படி மெல்லிய அடர் ஊதா, அது நன்றாகக் காய வேண்டும், அப்புறம் ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் நீலம் கலந்த வெள்ளையைத் துளி எடுத்து மேலோட்டமாக இழுக்க வேண்டும். விரல் பட்ட இடத்தில் மட்டும் இழுக்காமல் விட்டால், அங்கே பளபளப்பு தானாகத் தெரியும். பீச் பழத்துக்கு இதற்கு நேர்மாறு, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே ஓரங்களைக் கலைத்துவிட வேண்டும், கூர்மையான கோடு ஒன்று விழுந்தாலும் அந்த மென்ரோமம் போய்விடும். எலுமிச்சையோ தடித்த வண்ணத்தையே கேட்கும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வில்லெம் கால்ஃப் பாதி உரித்த எலுமிச்சையின் மேடுபள்ளங்களை மஞ்சளைப் புள்ளி புள்ளியாகத் தூக்கி வைத்தே காட்டினார், அதைக் கேமரா எங்கிருந்து கொண்டுவரும்?

சிவப்பு ஆப்பிளின் நிழலுக்குக் கருப்பு கலக்கச் சொல்லியிருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கருப்பு சேர்ந்தால் அந்த இடமே செத்துவிடும். கொஞ்சம் பச்சையைக் கலந்து பாருங்கள், நிழல் ஆழமாகும், சிவப்பும் உயிரோடு இருக்கும். (வண்ணங்களும் மூப்படையும் என்பதையும் சொல்லியிருக்கலாம். டச்சு ஓவியர் யான் வான் ஹய்சமின் ஓவியங்களில் சில இலைகள் இன்று நீலமாகத் தெரிகின்றன, பச்சைக்காகச் சேர்த்த மஞ்சள் வெளுத்துப்போனதுதான் காரணம்.)

1599 வாக்கில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த பழக்கூடையில் ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டை இருக்கிறது, இலைகள் சுருண்டு காய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு தோலையும் அவர் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருப்பார் என்றுதான் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முழு ஓவியத்தைச் சின்னதாகப் போடுவதோடு, பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்த நெருக்கமான படம் ஒன்றையும் சேருங்கள், ஒரே ஒரு பழம் போதும், வண்ணத்தின் மேடும் பிரஷ் போன தடமும் வாசகர் கண்ணுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி