ஷார்ஜாவிலிருந்து அப்பாவுக்கு

ஷார்ஜா,
14.9.2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். தினமும் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசத் தொடங்கினால் அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார், பாப்பா நடுவில் பிடுங்கிக்கொள்வாள், நீங்கள் "சரி, பார்த்துச் செய்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். இந்த விஷயத்தை அப்படி முடித்துவிட எனக்கு மனமில்லை. என்னோடு அறையில் தங்கியிருக்கும் பர்கூர் நண்பர் செவ்வாய்க்கிழமை ஊருக்கு வருகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாசலில் வைத்துப் பிரிக்காமல், சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். ஜூலையில் ஐந்து நாட்கள் கம்பெனியில் இரவு வேலை என்று சொல்லிப் போனை எடுக்காமல் இருந்தேன் அல்லவா? அந்த ஐந்து நாட்களும் நான் ஷார்ஜாவில் இல்லை. கென்யாவில் இருந்தேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும், அவளும் என் வற்புறுத்தலால்தான் மறைத்தாள், அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய மேனேஜர் சாரை உங்களுக்கு நினைவிருக்கும். நம் தோட்டத்துக்கு வந்து கல்லாமை மாமரத்தின் அடியில் அமர்ந்து களி சாப்பிட்டுப் போனவர். அவர் மூன்று ஆண்டுகளாக நைரோபியில் இருக்கிறார். அங்கே பல தலைமுறையாக வாழும் குஜராத்திக் குடும்பம் ஒன்று, மாம்பழம் விளையும் மகுவேனி பகுதியில் புதிதாகக் கூழ் ஆலை கட்டியிருக்கிறது. இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன. ஒரு சீசன்கூட இன்னும் ஓடவில்லை. பழம் வாங்குவதிலிருந்து பழுக்கவைப்பது, பிழிவது, கிருமி நீக்கிப் பையில் அடைப்பது வரை முழுப் பொறுப்பையும் என்னிடம் கொடுக்க விரும்புகிறார்கள்.

இங்கோ என் ஒப்பந்தம் அக்டோபர் 31 அன்று முடிகிறது. கம்பெனி என்னைக் கைவிடவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் புதுப்பித்து, புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் பதவியும் தந்து, சம்பளத்தை 4,200 திர்ஹத்திலிருந்து 5,500 ஆக உயர்த்துவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இம்மாதம் 30ஆம் தேதிக்குள் கையெழுத்திட வேண்டும்.

கணக்கை மட்டும் பார்த்தால் யோசிக்கவே தேவையில்லை. 5,500 திர்ஹம் என்பது இன்றைய மதிப்பில் மாதம் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் ரூபாய், வருமான வரி கிடையாது, சம்பளம் அரசு கண்காணிக்கும் வங்கி முறை வழியாகவே வருவதால் முதலாளி நினைத்தாலும் அதிக நாள் தள்ளிப்போட முடியாது. கென்யாவில் 1,400 டாலரும் குடியிருக்க ஒரு வீடும் தருகிறார்கள். ஆனால் அங்கே மாதம் 32,333 ஷில்லிங்கைத் தாண்டிய வருமானத்துக்கு 30 விழுக்காடு வரி. மற்ற பிடித்தங்களும் போக ஆயிரம் டாலர், அதாவது எண்பத்தெட்டாயிரம் ரூபாய் கைக்கு வந்தால் பெரிது. லாபத்தில் பங்கு தருவதாகவும் சொல்கிறார்கள். ஓடாத ஆலையின் லாபத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மாதம் நாற்பத்து நான்காயிரம் ரூபாய் குறைவாக வாங்க ஒருவன் ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் இங்கே என்ன செய்கிறேன் என்பதை உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. "ஜூஸ் கம்பெனி" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். காலையில் கிடங்கிலிருந்து இரும்பு டிரம்கள் வரும். மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளிப் பையில் மாங்கூழ். எத்தனையோ டிரம்களின் மேல் கிருஷ்ணகிரி என்றும் சித்தூர் என்றும் அச்சிட்டிருக்கும். நம் ஊர்ப் பெங்களூரா மாம்பழத்தின் கூழ், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி எனக்கு முன்னால் வந்து நிற்கும். அதில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து, சூடாக்கி, பெட்டியில் அடைத்து அனுப்புவதுதான் என் வேலை. பழத்தை இங்கே நான் கண்ணால் பார்த்ததில்லை. காம்பைக் கிள்ளிப் பால் வடிவதைப் பார்த்து இது இன்னும் நான்கு நாள் தாங்கும் என்று சொல்லும் பழக்கம் எனக்கு உங்களிடமிருந்து வந்தது. அந்தப் பழக்கத்துக்கு இங்கே யாரும் சம்பளம் தருவதில்லை, திரையில் எண் சரியாக இருந்தால் போதும்.

வேலை கடினமானது என்று சொல்லமாட்டேன். ஆலைக்குள் குளிர்சாதனம் உண்டு. வெளியில் கட்டட வேலை செய்பவர்களுக்குக் கோடையில் பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வேலை நிறுத்தம் என்று சட்டம் இருக்கிறது, அந்த வெயிலை ஜன்னல் வழியாகப் பார்க்கும் புண்ணியவான்களில் நான் ஒருவன். எட்டுப் பேர் இருந்த அறையிலிருந்து நான்கு பேர் இருக்கும் அறைக்கு வந்துவிட்டேன். விடுமுறை நாளில் ரோலா கடைத்தெருவுக்குப் போனால் முருங்கைக்கீரைகூடக் கிடைக்கிறது. குறையென்று சொல்ல வேண்டுமானால் ஒன்றே ஒன்றுதான். வெயில் காலத்தில் ஜூஸ் விற்பனை உச்சத்தில் இருக்கும் என்பதால் மே, ஜூன் மாதங்களில் எனக்கு விடுப்புக் கிடைக்காது. ஒன்பது ஆண்டுகளாக நம் தோட்டத்தில் காய் இறங்குவதை நான் பார்க்கவில்லை. பாப்பாவுக்கு எட்டு வயது, அவள் கிளையைப் பிடித்துக் காய் பறிப்பதையும் வீடியோவில்தான் பார்த்தேன்.

ஊரில் எல்லோரும் இதைப் பத்திரமான வேலை என்கிறார்கள், நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இங்கே எவருடைய வேலையும் இரண்டு ஆண்டுக் காகிதத்துக்கு மேல் நீளமில்லை. 2022 பிப்ரவரியில் வந்த புதிய சட்டப்படி எல்லோருக்குமே கால வரம்புள்ள ஒப்பந்தம்தான். 2020இல் கொரோனா வந்தபோது எங்கள் கம்பெனி நான்கு மாதங்கள் பாதிச் சம்பளம் கொடுத்தது. அப்போது நான் உங்களுக்கு அனுப்பிய முழுத் தொகையில் பாதி, நண்பர்களிடம் வாங்கிய கடன். அதை உங்களிடம் சொன்னதில்லை. வேலை போனால் காப்பீடு உண்டு என்பது உண்மை. மாதம் ஐந்து திர்ஹம் கட்டுகிறோம். அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு, அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குக் கிடைக்கும். நாமாக விலகினால் அதுவும் இல்லை. ஆகவே பத்திரம் என்று நான் நம்பியது ஒன்றாம் தேதி வரும் சம்பளத்தை மட்டுமே என்று இப்போது தோன்றுகிறது.

கென்யாவைப் பற்றி நான் ஆசைக் கனவு காணவில்லை. சென்ற ஆண்டு ஜூனில் வரி உயர்வை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்ததை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், இந்த ஆண்டும் கலவரம் நடந்தது. நான் இருந்த ஐந்து நாளில் இரண்டு முறை மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் உண்டு, ஆனால் டீசல் செலவு ஆலையைத் தின்றுவிடும். அங்குள்ள விவசாயிகள் பெரும்பாலும் நம்மைப் போல ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்கள், பழ ஈயால் அவதிப்படுகிறவர்கள். ஒரே தரத்தில் லாரி நிறையக் காய் சேர்ப்பது எளிதல்ல. அவர்களுடைய ஆப்பிள், இங்கோவே என்ற மாம்பழ ரகங்கள் பெங்களூராவைப் போலக் கூழுக்கென்றே பிறந்தவை அல்ல, எப்படிப் பழுக்கும், எவ்வளவு இனிப்பு ஏறும் என்பதை நான் புதிதாகக் கற்க வேண்டும். முதலாளி நல்லவராகத் தெரிகிறார். நல்லவர்களுக்கும் வங்கிக் கடன் இருக்கிறது. முதல் சீசன் தோற்றால் சம்பளம் தாமதமாகலாம், இரண்டாவது தோற்றால் ஆலையே மூடப்படலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மனம் அங்கே போவதற்கு, அந்த மண்ணும் ஒரு காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நைரோபியிலிருந்து தென்கிழக்கே மூன்று மணி நேரம் காரில் போனால், பென்னாகரத்து மேட்டு நிலத்தை எடுத்து வைத்ததுபோல் செம்மண்ணும் வறண்ட குன்றுகளும், சரிவு முழுக்க மழைநீரை நிறுத்தப் படிப்படியாகக் கட்டிய மண்வரப்புகளும். ஒரு கிழவர் எங்களை உட்காரவைத்து ஒரு குவளை கூழ் கொடுத்தார். நாவில் வைத்ததும் தெரிந்துவிட்டது, கேழ்வரகு. அங்கே அதற்கு விம்பி என்று பெயர். அந்தத் தானியம் முதலில் பயிரானதே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில்தான் என்று சார் சொன்னார். அம்மாவிடம் சொல்லுங்கள், இனி பெட்டியில் ராகி மாவு மூட்டை கட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருக்கிறது. அங்கே மாம்பழ சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. நமக்கு மே பிற்பகுதியிலிருந்து ஜூலை வரை. இரண்டும் மோதவே மோதாது. ஆலை ஓயும் மே, ஜூன் இரண்டு மாதங்களும் நான் ஊரில் இருக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதக் கேட்டேன், சம்மதித்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டு நடந்ததை நான் மறக்கவில்லை. பெங்களூரா கிலோ நான்கைந்து ரூபாய்க்கு விழுந்து, பறிகூலிக்கும் வண்டிக்கும்கூடக் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டுவிட்டதாக நீங்கள் சொன்னபோது, நான் நின்றுகொண்டிருந்தது நம் ஊர் டிரம்களுக்கு நடுவில். கிடங்கில் பழைய சரக்கு நிறைந்திருந்தால் புதுக் கூழை எந்த ஆலையும் விலை கொடுத்து எடுக்காது, அதற்காக ஆலையை மட்டும் திட்டவும் முடியாது. வாங்குபவன் எப்படி யோசிக்கிறான் என்பது இங்கிருந்து எனக்குத் தெரிந்தது. ஓர் ஆலையைத் தொடக்கம் முதல் நடத்திப் பார்த்தால் மீதியும் தெரியும். பின்னாளில் ஊரில் சிறிய அளவிலாவது எதையாவது செய்ய அது உதவலாம், உதவாமலும் போகலாம், இப்போதே பெரிதாகச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

ஏற்பாடுகளைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே வேலை செய்வதற்கான அரசு அனுமதி என் பெயரில் சென்ற வாரம் வந்துவிட்டது. அது வரும்வரை உங்களிடம் வாய் திறக்கக் கூடாது என்றுதான் காத்திருந்தேன். இங்கிருந்து விலகும்போது கிராஜுவிட்டி கிடைக்கும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு 30 நாள், ஆக 225 நாள். என் அடிப்படைச் சம்பளம் 3,000 திர்ஹம் என்பதால் நாளொன்றுக்கு நூறு வீதம் 22,500 திர்ஹம், ரூபாயில் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். முன்பெல்லாம் நாமாக விலகினால் இதில் பிடித்துக்கொள்வார்கள், இப்போது அப்படியில்லை. அதில் முதலில் கூட்டுறவு சங்கத்து நகைக்கடன் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தைக் கட்டி அம்மாவின் நகையை மீட்டுவிடுங்கள். மீதி இரண்டு லட்சத்து அறுபதாயிரம் வங்கியில் அப்படியே இருக்கட்டும். வீட்டுச் செலவு மாதம் இருபத்தைந்தாயிரம் என்றால், கென்யாவிலிருந்து ஒரு பைசா வராவிட்டாலும் பத்து மாதம் ஓடும். இரண்டு சீசன்தான் பார்ப்பேன். அதற்குள் நிலைக்காவிட்டால் ஓசூர்ப் பக்கம் ஏதாவது ஆலையில் சேர்ந்துவிடுவேன், வளைகுடாவுக்குத் திரும்பி வரமாட்டேன்.

ஷார்ஜா வேலையை ஏற்றால் குடும்பத்தை இங்கே அழைத்துக்கொள்ளலாமே என்று மாமா கேட்டார். சட்டப்படி முடியும், 4,000 திர்ஹம் சம்பளம் இருந்தாலே போதும். ஆனால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் போனால் ஊருக்கு அனுப்ப மிஞ்சாது, உங்களையும் அம்மாவையும் தனியே விட்டுவிட்டு உங்கள் மருமகளும் இங்கே வரச் சம்மதிக்கவில்லை.

நான் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன் என்பது இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் நகைக்கடனும் நிலமும் உங்கள் பெயரில் இருக்கின்றன, வீட்டின் பாரம் தலையில் விழப்போவதும் உங்களுக்குத்தான். நீங்கள் வேண்டாம் என்றால் 30ஆம் தேதி இங்கேயே கையெழுத்திடுவேன், மனத்தில் வருத்தம் வைத்துக்கொள்ளமாட்டேன். 25ஆம் தேதிக்குள் சொல்லுங்கள். "பார்த்துச் செய்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டு வேண்டுகோள்கள். மேற்குப் பக்கத்து இருபது மரங்களை வெட்டிவிட்டுத் தக்காளி போடலாம் என்று போன வாரம் சொன்னீர்கள். விலை விழுந்த வேகத்தில் பலரும் வெட்டுவது எனக்கும் தெரியும். நான் மே மாதம் வந்து பார்க்கும்வரை அவற்றை விட்டுவையுங்கள். அடுத்தது, பரண்மேல் என் பழைய தகரப் பெட்டியில், ஆலைச் சீருடைக்குள் சுற்றிவைத்த சிறிய கறுப்பு உறை ஒன்று இருக்கும், கூழின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் அது. பர்கூர் நண்பர் 28ஆம் தேதி திரும்பி வருகிறார். உங்களுக்குச் சம்மதமானால் அதைத் துடைத்து அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குப் பணம் நாளை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்