எந்தத் தேனீ என்று சொல்லியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலங்குகளும் பூச்சிகளும் தங்களுக்குள் எப்படிச் சேதி சொல்லிக்கொள்கின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீனி எங்கே இருக்கிறது என்று மற்ற தேனீக்களுக்குச் சொல்லத் தேனீ கூட்டில் ஆடும் நடனம் பற்றிய இரண்டு பக்கத்தை மட்டும் மறுபடியும் படித்தேன். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் விளைகளில் தேன்பெட்டி வைத்துப் பிழைப்பவன் நான். தேனீ என்று எங்கே அச்சாகியிருந்தாலும் கண் அங்கே போய்விடும்.

தீனி நூறு மீட்டருக்குள் கிடைத்தால் தேனீ வட்டமாகச் சுற்றும், அதற்கு மேல் தள்ளி இருந்தால்தான் வாலை ஆட்டி நேர்கோட்டில் ஓடும், ஒரு நொடி ஆட்டினால் தீனி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ஒரு சிரட்டையில் சீனிப்பாகு ஊற்றிக் கிணற்று மேட்டில் வைத்தேன். பெட்டியிலிருந்து முப்பது தப்படி இருக்கும். வந்து குடித்த தேனீக்களில் ஐந்தின் முதுகில் மகளின் நகப்பூச்சைத் தீக்குச்சியால் தொட்டு வைத்தேன். இரண்டு கொட்டு வாங்கினேன், அது கணக்கில் இல்லை. அப்புறம் பெட்டியைத் திறந்து, அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக நிழலில் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது சட்டத்தில் சிவப்புப் பொட்டு வைத்த ஈ ஒன்று வாலை விறுவிறுவென்று ஆட்டிக்கொண்டு ஒரு சின்னக் கோடு ஓடியது, வளைந்து திரும்பி வந்தது, மறுபடியும் அதே கோட்டில் ஓடியது. பின்னாலேயே நாலைந்து ஈக்கள் முட்டிமோதிக்கொண்டு ஓடின. உங்கள் கட்டுரைப்படி அது வட்டம் அல்லவா சுற்றியிருக்க வேண்டும்?

கட்டுரையும் தப்பில்லை, ஈயும் தப்பில்லை. நீங்கள் கொடுத்த கணக்கு நாங்கள் இத்தாலியத் தேனீ என்று சொல்லும் ஐரோப்பிய இனத்துக்கானது. என் பெட்டியில் இருப்பது நம் நாட்டு இனமான அடுக்குத் தேனீ. இது சில மீட்டர் தூரத்திலேயே வாலாட்ட ஆரம்பித்துவிடும். அதே தூரத்தைச் சொல்ல இத்தாலியத் தேனீயைவிட அதிக நேரம் ஆட்டும். இத்தாலியத் தேனீ அளவுக்குத் தொலைவாக இரை தேடிப் போகாத இனம் இது, பக்கத்து இடங்களையே பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுரைக்குப் போட்டிருந்த படமோ பாறையில் தொங்கும் மலைத்தேனீயின் அடை! ஒரு இனத்தின் கணக்கு, இன்னொரு இனத்தின் படம். படிக்கிறவன் வீட்டுக் கொல்லையில் இருப்பது மூன்றாவது இனம்.

இதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போல நான் சொல்லவில்லை. இந்த நடனத்தின் அர்த்தத்தைக் கண்டறிந்த விஞ்ஞானி கார்ல் ஃபொன் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர், 1950களில் நமக்குப் பக்கத்தில் இலங்கைக்கே வந்து, நம் அடுக்குத் தேனீ, மலைத்தேனீ, கொம்புத் தேனீ மூன்றையும் பார்த்துவிட்டுப் போனார். பெட்டிக்குள் இருட்டில் செங்குத்தாக நிற்கும் அடையில் ஆடும் ஈக்கு 'மேலே' என்பதுதான் சூரியன். நேர் மேலே ஓடினால் சூரியன் இருக்கும் பக்கம் போ என்று அர்த்தம். நாற்பது டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஓடினால், சூரியனுக்கு வலப்பக்கம் நாற்பது டிகிரியில் போக வேண்டும். கொம்புத் தேனீக்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம். அதன் ஒற்றை அடை கிளையைச் சுற்றிப் பிடித்திருக்கும். கிளைக்கு மேலே திண்ணை மாதிரி ஓர் இடம் இருக்கும், வெட்டவெளி. அங்கே நின்றுகொண்டு, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்தே ஓடிக் காட்டிவிடும், வழி கேட்டவனுக்கு நாம் கை நீட்டிக் காட்டுகிற மாதிரி. இருட்டுக்குள் ஆடும் ஆட்டம் இப்படி ஒன்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று லிண்டாவர் நினைத்தார். வேலிச்செடியில் கொம்புத் தேனடையைப் பார்க்காத தமிழ் வாசகர் எத்தனை பேர் இருப்பார்கள்? கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு குறை. 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்' என்ற வரி கட்டுரையில் ஐந்து இடத்தில் வருகிறது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ஓர் இடத்தில்கூட இல்லை. அதைச் சொல்லியிருந்தால் கதை இன்னும் ருசியாக இருந்திருக்கும். ஃபிரிஷ் முதலில் தப்பாகத்தான் சொன்னார். வட்டம் சுற்றினால் தேன், வாலாட்டினால் மகரந்தம் என்று 1920களில் எழுதி, ஏறக்குறைய இருபது வருஷம் அதையே நம்பியிருந்தார். சீனிப்பாகுத் தட்டை அவர் கூட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். மகரந்தம் கொண்டுவந்த ஈக்களோ தூரத்துப் பூக்களிலிருந்து வந்தன. 1940களில் தட்டைத் தள்ளிக் கொண்டுபோய் வைத்த பிறகுதான், வித்தியாசம் தீனியில் இல்லை, தூரத்தில் என்று தெரிந்தது. தன் தப்பைத் தானே திருத்தி எழுதினார். 1973இல் நோபல் பரிசு வந்தது.

அதோடும் சண்டை ஓயவில்லை. ஈக்கள் நடனத்தைப் பார்த்துப் போவதில்லை, வாசனை பிடித்துத்தான் போகின்றன என்று அமெரிக்காவில் ஏட்ரியன் வென்னர் 1960களிலேயே கிளப்பியிருந்தார். வாசனைக்கும் பங்கு உண்டு, அதில் அவர் சொன்னது சரிதான். 2005இல் வெளியான ஒரு ஆய்வில், நடனம் பார்த்து முடித்த ஈக்களைப் பிடித்து வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டு, ரேடாரில் பின்தொடர்ந்தார்கள். கூட்டிலிருந்தே கிளம்பியது போல, நடனம் சொன்ன திசையிலும் தூரத்திலுமே அவை பறந்தன. விட்ட இடம் வேறு என்பதால், போய்ச் சேர்ந்தது ஒன்றுமில்லாத பொட்டலில்! வாசனை மட்டும் இழுத்திருந்தால் அங்கே ஏன் போகின்றன?

அடுத்த இதழில் யானை என்று அறிவித்திருக்கிறீர்கள். நம் காதுக்கு எட்டாத அடித்தொண்டைச் சத்தத்தில் யானைகள் பேசுகின்றன என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். விலங்குகளின் ஒலியை ஆராய்ந்த கேட்டி பெய்ன் 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சி சாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது, சத்தமே இல்லாமல் காற்று மட்டும் அதிர்ந்ததாம். சின்ன வயதில் பாட்டுக்குழுவில் ஆர்கன் பக்கத்தில் நின்று பாடியபோது, அதன் மிகத் தாழ்ந்த சுருதி நெஞ்சில் அதிர்ந்தது பிறகுதான் அவர் நினைவுக்கு வந்தது. அப்புறம்தான் பதிவுக்கருவியோடு திரும்பிப் போனார். அந்தப் பகுதியை விட்டுவிடாமல் போடுங்கள். எந்த யானை, ஆப்பிரிக்காவா நம்மூரா என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் வாசகர்,
மார்த்தாண்டம்.